மேடை இல்லாத மேளம்

மின்கிதார் வந்த வழி – அத்தியாயம் 17

சென்ற இதழில் பர்மிங்காமில் நின்றோம். தகடு வெட்டும் ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்த டோனி அயோமி, பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு மறுபடி கிதாரைத் தொட்ட கதை அது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஹெவி மெட்டலின் ஜாதகத்தைப் பெரும்பாலோர் அந்த நாளை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

அந்த ஓசை நம் பக்கம் வந்தது, தங்கியது, குழுக்களை உண்டாக்கியது. பிறகு அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை கலைந்தும் போயின. ரசிகர்கள் மட்டும் கலையவில்லை. இருபது வருடத்துக்கு முன் நின்றுபோன ஒரு குழுவின் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறுகிற ஆட்கள் இருக்கிறார்கள். குழுக்கள் ஏன் கலைந்தன என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

சத்தத்துக்குப் பழகிய ஊர்

இந்தத் தொடர் திருவண்ணாமலையிலிருந்து எழுதப்படுகிறது. கோயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கூச்சலைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. அமைதி தேடி வருகிறவர்களுக்கு இங்கே ரமணாசிரமமும் மலை சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையும் இருப்பது உண்மைதான். ஆனால் ஊர் சத்தத்துக்கு அந்நியமானதல்ல. கார்த்திகை தீபத் திருவிழாவின் பத்து நாளும் தவிலும் நாகஸ்வரமும் சங்கும் மாட வீதிகளை அதிரவைக்கும். ஏழாம் நாள் பெரிய தேர் நகரும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் தீபம் ஏறும் நொடியில் லட்சக்கணக்கான தொண்டைகள் ஒன்றாகத் திறக்கும். பெருங்கூட்டம், இருள், நெருப்பு, மார்பில் வந்து மோதும் தாளம் என்று மெட்டல் ரசிகர் டிக்கெட் வாங்கித் தேடிப்போகும் நான்கும் இந்த ஊரில் இலவசம்.

உறவு அத்தோடு முடியவில்லை. தவில்காரர் வலது கை விரல்களில் மாட்டும் கூடு, துணியையும் பசையையும் சுற்றிக் காயவைத்துச் செய்வது. வெறும் விரலால் அந்தத் தோலை அடித்தால் விரலும் தாங்காது, ஓசையும் எழும்பாது. அயோமியின் பிளாஸ்டிக் தொப்பிக்கும் இதே வேலைதான். விரலைக் காப்பாற்ற வந்த ஒரு பொருள், வாத்தியத்தின் நாதத்தையே தீர்மானிப்பதாக ஆகிவிட்டது.

சுரத்தில் வேறுபாடு இருக்கிறது, அதுவும் சுவையானது. பிளாக் சபாத்தின் முதல் பாடலின் தொடக்கத்தை நம் முறையில் சொன்னால் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து பிரதி மத்திமம். மூன்றே சுரம். சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலுள்ள இந்த உறவு ஐரோப்பியக் காதுக்கு அபசகுனம். அதைப் பிசாசோடு சேர்த்துப் பேசும் வழக்கமே அங்கே உண்டு. நமக்கோ 72 மேளகர்த்தாக்களில் பாதி, 37 முதல் 72 வரை, பிரதி மத்திம மேளங்கள். கல்யாணியும் பந்துவராளியும் அந்தப் பாதியில் இருக்கின்றன. அங்கே கேட்பவரைத் திடுக்கிட வைத்த அந்தச் சுரம், இங்கே கல்யாண வீட்டில் தினமும் ஒலிப்பது.

ஆக, நம் காது இந்த இசைக்குத் தயாராகத்தான் இருந்தது. குறை வேறெங்கோ இருந்தது. அதைப் பார்க்க ஆயிரம் வருடம் பின்னால் போகவேண்டும்.

நிலம் இருந்த மேளம்

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த நீண்ட கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தெருவாரியாக, வீட்டுவாரியாகப் பட்டியல் இடுகிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சலாக 100 கலம் நெல். அவர்களோடு நட்டுவர், பாடுவோர், கொட்டுவோர், உவச்சர் என்று வாத்தியக்காரர்களுக்கும் பங்குகள் வரையறுக்கப்பட்டுள்ளன. 

நம் கதைக்கு முக்கியமானது அதிலுள்ள ஒரு விதி. பணி செய்பவர் இறந்துவிட்டாலோ வேற்று நாட்டுக்குப் போய்விட்டாலோ, அவருக்கு அடுத்த உரிமைக்காரர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு பணியைச் செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரை அந்த இடத்தில் வைக்கவேண்டும். அதாவது ஆள் போகலாம், இடம் காலியாகக் கூடாது. கொட்டு நிற்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிறப்போடு தொழிலைக் கட்டிப்போட்ட ஏற்பாடு அது. வாசித்தவர்களுக்கு நெல் கிடைத்த அளவுக்கு மரியாதை கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும் வாசிக்க மேடை, வாசித்தவனுக்குச் சோறு, போனவன் இடத்துக்கு ஆள் என்ற மூன்றும் உறுதியாக இருந்ததால் கோயில் மேளம் நூற்றாண்டுக் கணக்கில் கலையவில்லை. அந்த நிலமும் மானியமும் கைவிட்டுப் போன பிறகு என்ன ஆயிற்று என்பதற்குச் சாட்சி, இன்று பல கோயில்களில் மூலையில் நிற்கும் மோட்டார் இயந்திரம். தீபாராதனை நேரத்தில் பொத்தானை அமுக்கினால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஆள் இருக்காது.

மேடை தேடிய குழுக்கள்

இந்திய மெட்டல் குழுக்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்கவில்லை.

1984இல் பம்பாயில் தொடங்கிய ராக் மெஷின் மெட்டலுக்கு அண்டை வீடான ஹார்ட் ராக் குழு. கல்லூரி விழாக்களில் அயல்நாட்டுப் பாட்டை அச்சு அசலாக வாசித்தால்தான் கைதட்டு என்றிருந்த காலத்தில், சொந்தப் பாட்டுகளோடு 1988இல் ‘ராக் அண்ட் ரோல் ரெனிகேட்’ கேசட்டை வெளியிட்டது. 1993இல் இண்டஸ் க்ரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தொலைக்காட்சியில் முகம் தெரிந்த, நாடெங்கும் ரசிகர் கொண்ட அந்தக் குழுவே 1997இல் கலைந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைக் கேட்கவேண்டாம்.

பம்பாய் தோபி தலாவில் ரங் பவன் என்றொரு திறந்தவெளி அரங்கம் இருந்தது. 1980களில் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் விழாவுக்கு அதுதான் வீடு. ஆண்டுதோறும் ஆகஸ்டில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குழுக்கள் அங்கே ஏறின. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ரங் பவனைச் சுற்றிக் கல்லூரியும் மருத்துவமனைகளும் இருந்தன. அரங்கம் அடங்கிப்போனது. விதியில் தவறில்லை, நோயாளிக்குத் தூக்கம் வேண்டும். ஆனால் மூடிய மேடைக்குப் பதிலாக இன்னொரு மேடை கட்டித்தர யாரும் முன்வரவில்லை. அதே விதிகளில் பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு வழி வைக்கப்பட்டது. ஊர் கூடி நடத்தும் திருவிழாவுக்கு அந்தக் கதவைத் தட்ட ஆள் உண்டு. கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஐநூறு பேருக்காக யார் தட்டுவார்?

பெருநகரம்தான் இந்த இசையின் இருப்பிடம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்திய ராக் குழுக்களின் செய்திகளை நாடு முழுவதும் கொண்டுபோன ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை 1993இல் அமித் சைகல் தொடங்கியது. தொடங்கிய இடம் அலகாபாத், கும்பமேளா நடக்கும் அதே ஊர். பின்னாளில் ‘கிரேட் இந்தியன் ராக்’ என்ற விழாவையும் அந்தப் பத்திரிகை நடத்தியது. சைகல் 2012 ஜனவரியில் கோவாவில் கடலில் மூழ்கி இறந்தபோது, தங்கள் முதல் பேட்டியையும் முதல் மேடையையும் அவரிடம் பெற்ற ஒரு தலைமுறை அழுதது.

தமிழ்நாட்டில் இந்த இசைக்குக் கிடைத்த பெரிய மேடை சென்னை ஐஐடி. 1974இல் ‘மார்டி க்ரா’ என்று தொடங்கிய அதன் கலைவிழா 1996இல் ‘சாரங்’ ஆனது. வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் நடக்கும் ராக் இரவுக்கு வெளியூர்க் கல்லூரி மாணவர்களும் ரயிலேறி வருவார்கள். ஸ்வீடனின் ஓபெத் குழு 2009இல் அங்கே வாசித்தது. கொடூரமான உறுமலும் மென்மையான குரலும் ஒரே பாட்டில் மாறி மாறி வரும் அந்தக் குழுவைக் கேட்ட தமிழ் ரசிகர்கள், தங்கள் காலத்தை அந்த இரவுக்கு முன், பின் என்று பிரித்துப் பேசுவதுண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலூர் விஐடியின் ‘ரிவியேரா’ விழாவும் இதே வேலையைச் செய்தது.

ஆனால் கல்லூரி மேடைக்கு ஒரு குணம் உண்டு. அது வருடத்துக்கு ஓர் இரவு. அதில் வாசிக்கும் குழுவின் ஆயுள் எட்டு செமஸ்டர். வளாக நேர்காணலில் வேலை கிடைத்ததும் கிதார்காரர் புனேவுக்கும் பேஸ்காரர் ஹைதராபாத்துக்கும் போய்விடுவார்கள். டிரம்ஸ் வாசித்தவர் எம்.எஸ். படிக்க அமெரிக்கா. வேற்று நாடு போனவர் இடத்துக்கு ஆள் வைக்க இங்கே கல்வெட்டு இல்லை. தமிழ்நாட்டில் கலைந்த குழுக்களில் பெரும்பகுதி சண்டையில் கலைந்தவை அல்ல. பட்டமளிப்பு விழாவில் கலைந்தவை.

கிருஷ்ணகிரி வழி, பெங்களூர்

திருவண்ணாமலையிலிருந்து சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 200 கிலோமீட்டர். மெட்டல் ரசிகருக்கு மட்டும் பெங்களூர்தான் கிட்டம். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போகும் பேருந்தில் ஏறினால் விடிவதற்குள் மெஜஸ்டிக்கில் இறங்கலாம்.

அந்தப் பயணத்துக்குப் பெரிய காரணம் கிடைத்தது 2007 மார்ச் 17 அன்று. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன். அந்தத் தரத்து மெட்டல் குழு ஒன்று இந்தியாவில் தலைமை நிகழ்ச்சி வாசித்தது அதுவே முதல் முறை. 30,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அயர்ன் மெய்டனுக்கு முன்னால் டில்லியின் பரிக்ரமா குழு வாசித்தது. அதே ஆண்டு பரிக்ரமா இங்கிலாந்தின் டவுன்லோட் விழா மேடையிலும் ஏறியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று அயர்ன் மெய்டன் தன் உலகச் சுற்றுப்பயணத்தை மும்பையிலிருந்தே தொடங்கியது. குழுவையும் தளவாடங்களையும் ஏற்றிவந்த போயிங் விமானத்தை ஓட்டியவர்களில் ஒருவர் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன். 2008 மார்ச்சில் மெகாடெத், 2010 மேயில் லேம்ப் ஆஃப் காட், 2012 அக்டோபரில் ஸ்லேயர் என்று பெங்களூருக்கு வரிசை நீண்டது.

2011 அக்டோபரில் மெட்டாலிகா வந்தபோது 28ஆம் தேதி குர்காவ்ன் நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தானது. ஆத்திரமடைந்த கூட்டம் மேடையில் ஏறி உடைத்தது. இரண்டு நாள் கழித்து, 30ஆம் தேதி, பெங்களூரில் அதே குழு, அதே பாட்டுகள், பல்லாயிரம் பேர்; அசம்பாவிதம் இல்லை. முரட்டு இசை முரட்டுக் கூட்டத்தைச் சேர்க்கும் என்பவர்களுக்கு இந்த இரண்டு நாள் இடைவெளியே பதில். கூட்டத்தின் நடத்தை பாட்டில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

வெளிநாட்டுக் குழு வந்துபோவது மட்டும் ஒரு மரபாகிவிடாது. 2012 ஜூன் 16 அன்று தொடங்கிய ‘பெங்களூர் ஓப்பன் ஏர்’ அதனால்தான் முக்கியம். ஜெர்மனியின் கிரியேட்டர் அதில் தலைமை வாசித்தாலும், உள்ளூர்க் குழுக்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தேதி கிடைத்தது. 1998இல் தொடங்கிய பெங்களூரின் கிரிப்டாஸ் இன்றுவரை கலையாமல் இசைத்தட்டு வெளியிட்டு வருகிறது என்றால், அந்த ஊரில் கூடிநின்று கேட்க ஆள் இருந்ததே காரணம்.

பெங்களூர் விழா கைகோத்தது ஜெர்மனியின் வாக்கன் விழாவோடு. வாக்கன் சுமார் 2,000 பேர் வசிக்கும் கிராமம். 1990இல் உள்ளூர் இளைஞர் இருவர் சில நூறு பேரைச் சேர்த்து ஆரம்பித்த விழாவுக்கு இப்போது 85,000 பேர் வருகிறார்கள். அந்த ஊர்த் தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவே விழா மேடையில் ஏறி வாசிக்கிறது. வீட்டுத் திண்ணையில் தண்ணீர் விற்கிறார்கள், வயலை வாகனம் நிறுத்த விடுகிறார்கள். தீபத்துக்கு ஊர் மொத்தமும் வாசலைத் திறந்துவிடும் திருவண்ணாமலைக்காரர்களுக்கு இந்தப் பொருளாதாரத்தை விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் ஒரு ருத்ரா

தமிழர்களுக்கு மிக நெருக்கமான மெட்டல் குழு தமிழ்நாட்டில் தோன்றவில்லை. 1992இல் சிங்கப்பூரில், தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் சேர்ந்து ‘ருத்ரா’வைத் தொடங்கினார்கள். கதிர் பாடிக்கொண்டே பேஸ் வாசித்தார், சிவா டிரம்ஸ், பாலா கிதார். டெத் மெட்டலின் உறுமலுக்குள் சம்ஸ்கிருத மந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். ‘வேத மெட்டல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

1996இல் குழு கலைந்தது. அங்கேயே கதை முடிந்திருந்தால் ருத்ராவும் பரணில் கிடக்கும் பெயர்களில் ஒன்றாகியிருக்கும். அதே ஆண்டிலேயே மீண்டும் கூடினார்கள். 1998இல் முதல் ஆல்பம். 2001இல் ‘தி ஆரியன் க்ரூசேட்’. இந்தத் தலைப்போடு சென்னையில் ஒரு கேசட் வந்திருந்தால் பாட்டைக் கேட்பதற்கு முன்பே வழக்கு மேடை கூடியிருக்கும். 2003இல் ‘குருக்ஷேத்ரா’. 2005, 2009, 2011 ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற மூன்று பாகத் தொகுப்பு. நான் என்பது யார், இரண்டற்றது எது என்ற வேதாந்தக் கேள்விகளை டபுள் பேஸ் டிரம்ஸின் வேகத்தில் கேட்ட தொகுப்பு அது. கதிர் பின்னாளில் வேதாந்தம் கற்பிப்பவராகவும் ஆனார். 1896இல் பதினாறு வயதில் இந்த மலைக்கு வந்து பின்னாளில் ரமணரான வேங்கடராமன் மௌனத்தில் தேடிய அதே கேள்வியை, சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் தேடினார்கள். ஊருக்குள் இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கலாம். ருத்திரன் என்ற பெயருக்குரிய தெய்வம் சுடுகாட்டில் பறை முழங்க ஆடியதாகப் பாடிய மரபும் நம்முடையதுதான்.

சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் ருத்ராவைப் பற்றி, அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு சேர்த்து, 2009இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். தமிழ்நாட்டில் இந்த இசைக்கு அப்படி ஒரு கவனிப்பு கிடைக்கவில்லை.

ஏக்கத்தின் கணக்கு

கலைந்த குழு மறுபடி கூடுமா என்று ரசிகர் காத்திருப்பதில் நியாயம் உண்டு. இண்டஸ் க்ரீட் 2010இல் மீண்டும் கூடி 2012இல் ‘எவால்வ்’ ஆல்பத்தைக் கொடுத்தது. 2025 ஜூலை 5 அன்று பிளாக் சபாத்தின் அசல் நால்வரும் இருபது ஆண்டுக்குப் பிறகு ஒரே மேடையில் சேர்ந்தார்கள். இடம் அவர்கள் வளர்ந்த ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானம். நிற்க முடியாத ஓஸி ஆஸ்பர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழாம் நாள், ஜூலை 22 அன்று, அவர் இறந்துபோனார்.

எல்லாக் கூடுகையும் அப்படி அமைவதில்லை. அமெரிக்காவின் பேன்டெரா 2003இல் பிரிந்தது. அதன் கிதார்காரர் டைம்பேக் டேரல் 2004 டிசம்பர் 8 அன்று மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அண்ணன், டிரம்ஸ் வாசித்த வின்னி பால், 2018இல் காலமானார். 2022இல் மற்ற இருவரும் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் மேடை ஏறியபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பாட்டு வாழட்டும் என்றனர் ஒரு சாரார். அந்த அண்ணன் தம்பி இல்லாமல் அந்தப் பெயர் எதற்கு என்றனர் மறு சாரார்.

கோயில் மேளத்தில் இடம் நிலையானது, ஆள் மாறலாம். மெட்டலில் ஆள்தான் இடம். அதனால்தான் இதில் இழப்பு ஈடு செய்ய முடியாததாகிறது, ஏக்கமும் தீராமல் நிற்கிறது. ஆனால் ஏக்கம் ஒரு குழுவைக் காப்பாற்றியதாக வரலாறு இல்லை. வருடம் தவறாமல் ஒரு மேடை, வாசித்தவருக்கு ஊதியம், அடுத்து வருகிற பிள்ளைக்கு ஓர் இடம் என்ற மூன்றையும் கொடுத்த ஊரில் இசை நின்றது. வாக்கனில் நின்றது, பெங்களூரில் ஓரளவு நின்றது. தமிழ்நாட்டில் காதும் இருந்தது, கையும் இருந்தது. மேடையைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைந்துபோன தமிழ்நாட்டுக் குழுக்களில் பலவும் இசைத்தட்டு வெளியிட்டதே இல்லை. அவர்கள் வாசித்ததற்குச் சான்று யாரோ ஒரு நண்பர் கூட்டத்துக்குள் நின்று பதிவு செய்த கேசட், ஒரு நுழைவுச்சீட்டு, மங்கிய நிழற்படம், இவ்வளவுதான். நம் ஊர் ஈரத்தில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரணில் அப்படி ஏதாவது இருந்தால் உடனே ஓடவிட்டுப் பார்க்காதீர்கள், ஒட்டியிருந்தால் அறுந்துவிடும். பழைய நாடாக்களைக் கையாளத் தெரிந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றுங்கள். குழுவின் பெயர், வாசித்தவர்கள், ஊர், வருடம் நான்கையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

அடுத்த இதழில் கடல் கடந்து கொழும்புக்குப் போவோம்.

(தொடரும்)